மறு: மறு: ஃப்ளோர் லாம்ப் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பாலக்காட்டுக் கடை ஒன்று தன் விளக்குப் பட்டியலை மலையாளத்திலும் தமிழிலும் அச்சிடுகிறது. தமிழ்ப் பக்கம் என் பொறுப்பு. மேசைவிளக்கு, சரவிளக்கு எல்லாம் ஓடிவிட்டன. ஃப்ளோர் லாம்பில் நிற்கிறேன். சோபா பக்கத்தில் ஆளுயரத்துக்கு நிற்குமே, அது. 'நிலைவிளக்கு' என்று எழுதினேன். கடைக்காரர், "நிலவிளக்கா? அது பித்தளைப் பிரிவில் இருக்கிறதே" என்றார் (மலையாளத்தில் நிலவிளக்கு என்றால் நம் குத்துவிளக்கு). மலையாளப் பக்கம் பார்ப்பவர் கவலையே இல்லாமல் 'ஃப்ளோர் லாம்ப்' என்று போட்டு முடித்துவிட்டார்.

செங்கோட்டையிலிருந்து:
தரைவிளக்கு. முடிந்தது.

நாகர்கோவிலிலிருந்து:
முடியவில்லை ஐயா. தரைவிளக்கு என்றால் தோட்டத்து நடைபாதையில் பதிக்கிற விளக்கு என்றுதான் எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொள்வார். இந்த விளக்கின் குணம் நிற்பது. அதற்கு நம்மிடம் பெயர் உண்டு: குத்துவிளக்கு. குத்துக்கல், குத்துக்கால் எல்லாம் ஒரே வேர். குத்திட்டு நிற்பது எதுவோ அது. எண்ணெயும் திரியும் அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கின்றன? தமிழ் விவிலியத்தில் யூதர்களின் பொன் விளக்குத்தண்டும் குத்துவிளக்குதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
கல்யாணச் சீருக்குக் குத்துவிளக்கு கேட்டு வருகிறவரிடம் எல்.இ.டி. கம்பத்தைக் காட்டினால் அடி விழும் ஐயா.

சித்தூரிலிருந்து (ஆந்திரச் சித்தூர்; பாலக்காட்டுச் சித்தூர் அல்ல, போன முறை குழம்பினீர்கள்):
நெடுநல்வாடையை மறந்துவிட்டோமே! யவனர் செய்த பாவை, கையில் அகல் ஏந்தி நிற்கிறது. வெளிநாட்டு டிசைனர் விளக்கை அரண்மனையில் வைத்த காலம் அது. ஆகவே பாவைவிளக்கு.

செங்கோட்டையிலிருந்து:
பாவை எங்கே ஐயா? இந்த வகையில் பேர்போனது ஆர்க்கோ. 1962-இல் இத்தாலியில் காஸ்டிலியோனி சகோதரர்கள் வடிவமைத்தது. கூரையில் துளை போடாமல் சாப்பாட்டு மேசைக்கு மேல் விளக்கு வர வேண்டும் என்று தெருவிளக்கைப் பார்த்துச் செய்தார்கள். அடியில் சுமார் 65 கிலோ கராரா பளிங்கு. நகர்த்துவதற்காகக் கல்லில் ஒரு துளை. அதில் துடைப்பக் கம்பை நுழைத்து இரண்டு பேர் தூக்கலாம். எனக்கு விளக்கைவிட அந்தத் துளைதான் பிடித்திருக்கிறது. இப்படி வளைந்து நிற்பதற்கு மட்டும் 'வில்விளக்கு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாமா?

களியக்காவிளையிலிருந்து:
தயவுசெய்து வேண்டாம். நான் இயற்பியல் ஆசிரியை. இரண்டு கார்பன் முனைகளுக்கிடையே மின்வில் எரிவதைத்தான் வில்விளக்கு என்று வகுப்பில் சொல்கிறோம். பிள்ளைகள் குழம்புவார்கள். 'தண்டுவிளக்கு' எளிது, நேராக நின்றாலும் வளைந்தாலும் தண்டு தண்டுதானே.

சித்தூரிலிருந்து:
முக்காலியில் நிற்பதற்கு? சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்த 'அகாரி' தாள்விளக்குகளில் சில, அடியிலிருந்து கிட்டத்தட்ட முழுக்கத் தாளாகவே எழுகின்றன. தண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வினைத்தொகையாக 'நில்விளக்கு' என்றால் என்ன? மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

செங்கோட்டையிலிருந்து:
நில்விளக்கை வாளையாறு சோதனைச்சாவடியில்தான் வைக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
பெரியவர்களே, நாளை வெள்ளி. தரைவிளக்குக்குச் செங்கோட்டையும், அரைமனதாகக் களியக்காவிளையும். கடைக்காரரும் படித்தவுடன் தலையாட்டினார். பதிக்கிற வகையைப் 'பதிவிளக்கு' என்று பிரித்துவிட்டேன். பக்கத்தில் படமும் இருக்கிறது. போட்டு அனுப்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:
அனுப்புங்கள் தம்பி. ஆனால் நம் குழுவின் சொற்பட்டியலில் குத்துவிளக்கு என்பதையும் சேர்த்து, நான் உடன்படவில்லை என்று குறித்துவையுங்கள். 'குத்து' பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது; குத்தகைக்கும் இதே வேர்தானா என்று ஞாயிறு பார்க்கிறேன்.