திரட்டேட்டில் மிஞ்சும் துண்டுகளுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அனுப்புநர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

வணக்கம். பெற்றோர் பட்டறைக்கு இரண்டு பக்க வழிகாட்டி ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். திரட்டேடு (படங்களை அலங்கரித்து ஒட்டிவைக்கும் ‘ஸ்க்ராப்புக்’) செய்து முடித்தபின் கிடக்கும் தாள், ரிப்பன், ஸ்டிக்கர், பொத்தான் ஆகியவற்றை என்ன செய்யலாம் என்பதுதான் பொருள். ஏட்டுக்குச் சிக்கல் இல்லை. ‘திரட்டேடு’ என்றால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. மிஞ்சிய துண்டுக்குத்தான் சொல் அகப்படவில்லை. வரிக்கு வரி ‘மீதமுள்ள துண்டுப் பொருள்கள்’ என்று எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். ஒரு பத்தி தருகிறேன், பாருங்கள்:

“12 அங்குலச் சதுரத் தாளில், 4×6 படத்துக்கான பின்தாள் (4½×6½) இரண்டை அருகருகே வெட்டுங்கள். பக்கத்தில் 3×6½ துண்டும் அடியில் 12×5½ துண்டும் மிஞ்சும். அடித்துண்டில் 8½ அங்குலம் எடுத்து நடுவில் மடித்தால் 4¼×5½ வாழ்த்து அட்டை. பக்கத்துண்டை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு புத்தகக்குறி. பின்தாளின் நடுவிலிருந்தும் 3×5 அளவுக்குக் குடைந்து எடுக்கலாம். படம் அதை மூடிவிடும். ஒட்டுவதற்குச் சுற்றிலும் அரை அங்குலம் இருக்கும்.”

இதில் ‘துண்டு’ என்பது வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே வந்து குழப்புகிறது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. எஞ்சுவது எச்சம். ‘எச்சத்தாள்’ என்று எழுதுங்கள்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் கடைசி எச்சவியல். முன் எட்டில் சொல்லாமல் எஞ்சியவற்றை அங்கே திரட்டி வைத்தார்கள். பெயரெச்சத்தைப் பாருங்கள். ‘வந்த’ என்ற சொல் தானாக நிற்காது, ஒரு பெயரைப் பற்றித்தான் முடியும். மிஞ்சிய தாளும் இன்னொன்றைப் பற்றியே பொருள்பெறுகிறது. வள்ளுவரும் ‘எச்சத்தாற் காணப்படும்’ (114) என்று, ஒருவர் விட்டுச்செல்வதை வைத்தே அவரை அளக்கச் சொன்னார். இவ்வளவு கனமுள்ள சொல்லை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது?

அனுப்புநர்: கைவினைப் பொருள் கடை, ஈப்போ

ஐயா, இலக்கணம் சரிதான். ஆனால் ‘எச்சம்’ என்றதும் பெற்றோருக்குக் காக்கை எச்சம் நினைவுக்கு வரும். ‘எச்சத்தாள்’ என்பதை ஒரு பெண்ணைக் குறிக்கும் சொல்லாகவும் படிப்பார்கள். ‘மிச்சம்’ போதும். சோறு மிச்சம், காசு மிச்சம், தாள் மிச்சம்.

சொல்லைவிட எனக்கு ஆசிரியையின் வரைவுதான் கவலை. ‘வாழ்த்து அட்டை’ என்ற வரியில் எந்தத் தாள் என்று சொல்லவில்லை. பூப்போட்ட மெல்லிய தாளை மடித்தால் அட்டை நிற்காது, வளைந்து விழும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடைக்கு மேற்பட்ட தடித்தாள் வேண்டும். இல்லையென்றால் மெல்லிய தாளைத் தடித்தாள் மேல் ஒட்டவேண்டும். அப்படி ஒட்டும்போது வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசினால் தாள் நீரை உறிஞ்சி அலை அலையாக நெளியும். நம் ஊர் ஈரத்தில் அது காய்ந்து சீராவதும் அரிது. இரட்டைப்பக்கப் பசைநாடா நல்லது.

மணிலா அட்டைத் துண்டுகளைப் படத்தின்மேல் படும்படி வைக்கச் சொல்லாதீர்கள். அமிலமற்றது என்று உறையில் போட்டிராத தாள், நாளாக ஆக மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும். பத்திரிகைத் துண்டு இன்னும் மோசம். மரக்கூழிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். அவற்றை அன்பளிப்புச் சீட்டுக்கும் தீபாவளிப் பண உறைக்கும் ஒதுக்கிவிடலாம்.

துண்டுகளை நிறத்தைவிட அளவு பார்த்துப் பிரிப்பதே மேல். 6 அங்குலத்துக்கு மேல் ஒரு பெட்டி, 3 முதல் 6 வரை ஒன்று, 3-க்குக் கீழ் ஒன்று. மூன்றாம் பெட்டிதான் எப்போதும் நிரம்பி வழியும். அதை ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டி, 12 அங்குலப் பக்கத்தில் ஒட்டு வேலை மாதிரி அடுக்கலாம். இடைவெளி விடாமல் அடுக்கினால் 144 சதுரம் பிடிக்கும். ஆனால் எல்லாமே பூப்போட்டதாக இருந்தால் கண் எங்கும் தங்காது. மூன்றில் ஒன்றாவது வெறும் நிறமாக இருக்கட்டும்.

அனுப்புநர்: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

கடைக்கார அம்மா ‘ஒட்டு வேலை’ என்று போகிற போக்கில் சொன்னார். அதுதான் சொல்.

பால்மரம் (ரப்பர்) வெட்டும் தோட்டங்களில், வெட்டுக்கோட்டில் காய்ந்து நாடாபோல் உரிந்துவருவதை ஒட்டுப்பால் என்போம். கோப்பையில் உறைவது கட்டிப்பால். ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் இந்த ஒட்டுப்பாலுக்கு எழுதும் பெயர் ‘ஸ்க்ராப்’தான்! அதை யாரும் எறியவில்லை. எடை போட்டு, கழுவி, ஆலையில் அரைத்துப் பழுப்பு நிறத் தாளாக்கி விற்றார்கள். ஆக, மிஞ்சியது, நாடாபோல் இருப்பது, மறுபடி பயனாவது என்ற மூன்று பொருளும் இந்தச் சொல்லில் இருக்கின்றன. கிழிந்த சட்டைக்கும் ஒட்டுப் போடுகிறோம். ‘ஒட்டு’ என்று மட்டும் எழுதினால் போதும்: தாள் ஒட்டு, ரிப்பன் ஒட்டு. தோட்டத்து மக்கள் ஆக்கிய சொல், தோட்டத்துப் பள்ளியின் தாளில் வரட்டும்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்

கிராணி ஐயா, அருமையான சொல்தான். ஆயினும் ‘ஒட்டு’ ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கிறது. தண்டியலங்காரத்தில் அது ஓர் அணியின் பெயர். கருதியதை மறைத்து வேறொன்றைச் சொல்லி உணர்த்துவது. தோட்டக்கலையில் ஒட்டு மாஞ்செடி உண்டு. வழிகாட்டியிலோ ‘ஒட்டுங்கள்’ என்ற ஏவல் பத்து இடத்தில் வரும். ‘ஒட்டை ஒட்டுங்கள்’ என்று எழுத முடியுமா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கூலிம்

‘நறுக்கு’ எப்படி? ஓலை நறுக்கு என்று பழைய வழக்கே உண்டு. (‘நறுக்கை நறுக்குங்கள்’ என்று வந்துவிடும் என்பது தெரிகிறது. ‘வெட்டுங்கள்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.)

அதைவிட, ‘ஸ்க்ராப்’ என்றே எழுதினால் என்ன குறை? மலாய்ப் பாடத்தில் பிள்ளைகள் ‘பூக்கு ஸ்க்ராப்’ என்றுதான் படிக்கிறார்கள். அது ஆங்கிலம் என்று தள்ளினால், மலாயில் துணி மிச்சத்துக்கு ‘பெர்ச்சா’ இருக்கிறது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையான ‘கெத்தா பெர்ச்சா’ பிசினிலும் அதே ஒலி. எச்சவியல் என்றீர்களே ஐயா, அதன் முதல் நூற்பாவே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் நான்கையும் செய்யுளுக்கு ஏற்கிறது. செய்யுளுக்கு ஆகும் சொல் பட்டறைத் தாளுக்கு ஆகாதா?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்

திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தின் வழக்கு. கண்ட மொழியிலிருந்தெல்லாம் அள்ளுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், கூலிம்

அது தொல்காப்பியத்தில், ஐயா. நன்னூல் பன்னிரு நிலத்தோடு பிறமொழி நிலங்கள் பதினேழையும் சேர்க்கிறது. அந்தப் பதினேழை எண்ணும் பழம்பாட்டில் சிங்களம், சாவகம், சீனம் எல்லாம் இருக்கின்றன, கெடாவின் பழம்பெயரான கடாரமும் இருக்கிறது. நான் கெடாவிலிருந்துதான் எழுதுகிறேன்.

அனுப்புநர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

கடாரத்தைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். ஆனாலும் நாளை அச்சு. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘மிச்சம்’ என்பவர்களே அதிகம். பொதுவாக ‘மிச்சம்’, தாளுக்கு ‘மிச்சத்தாள்’ என்று எழுதிவிட்டேன். ‘பெர்ச்சா’ நம் பெற்றோருக்குத் துணியை மட்டுமே நினைவூட்டும். ‘ஒட்டு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஐயா. ஆனால் சுற்றிலும் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை). ஒட்டுப்பால் எது என்று வகுப்பில் கேட்டால் கை உயர்த்தும் பிள்ளை இல்லை.

அனுப்புநர்: கைவினைப் பொருள் கடை, ஈப்போ

அச்சுக்கு முன் ஒரு திருத்தம். ‘ரிப்பன் மிச்சத்தின் முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள்’ என்ற வரியில் ‘பாலியெஸ்டர், நைலான் மட்டும்’ என்று சேருங்கள். அவை உருகி அடையும். பருத்தி ரிப்பன் எரிந்துவிடும்; அதன் முனையில் பசை தொட்டுக் காயவைத்து, பிறகு குறுக்காக வெட்டவேண்டும். வாஷி நாடா (அலங்காரக் காகித ஒட்டுநாடா) மிச்சத்துக்கும் அடியில் கொஞ்சம் பசை வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்குள் உரிந்து தொங்கும்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்

எச்சத்தாளைப் பெண்ணாகப் படிப்பார்கள் என்றால் மிச்சத்தாளையும் அப்படியே படிக்கலாம். புணர்ச்சி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அனுப்புநர்: முன்னாள் தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

டீச்சர், பிள்ளைகளுக்கு ஒட்டுப்பால் தெரியாது என்பதனால்தான் அந்தச் சொல் தாளில் வேண்டும் என்கிறேன். தலைப்பு மிச்சமாகவே இருக்கட்டும். அந்த 144 சதுரப் பக்கத்துக்காவது ‘ஒட்டுப்பக்கம்’ என்று பெயர் வையுங்கள்.