ஆச்சி வீட்டுக் குழுவில் கத்தரிக்காய் மீது ஒரு வழக்கு

ஞாயிற்றுக்கிழமை

குமரன் – காலை 7:12
(பலமுறை பகிரப்பட்டது) "கரப்பானை (எக்சிமா என்னும் தோல் அரிப்பு நோயை) கிளப்பும் 12 உணவுகள்! கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு, வேர்க்கடலை, பால், முட்டை... உடனே பகிரவும்."
சுகன்யா, உன் மகன் கவினின் கரப்பானுக்காகத்தான் அனுப்பினேன்.

கோமதி பெரியம்மா – 7:15
நான் அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? இரண்டு வயதுப் பிள்ளைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு!

சுகன்யா – 7:31
இந்தப் பன்னிரண்டில் ஒன்பதை ஏற்கெனவே நிறுத்திவிட்டேன் பெரியம்மா. மூன்று வாரமாக இட்லி, ரசம் சாதம், வேகவைத்த ஆப்பிள். அவ்வளவுதான்.
(புகைப்படம்)
முழங்கை மடிப்பு இப்படி இருக்கிறது. நேற்று இரவு சொறிந்து சொறிந்து, தலையணை உறையில் இரத்தக் கறை.

தாமு மாமா – 7:40
செவ்வாய்க்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது. யாருக்கேனும் வேண்டுமா?

மீனா சித்தி – 8:05
பிள்ளையின் எடை என்ன?

சுகன்யா – 8:06
இரண்டு மாதத்துக்கு முன் 11.4 கிலோ. நேற்று 10.8.

மீனா சித்தி – 8:08
நான் எங்கள் மருத்துவமனையில் தினமும் பார்ப்பது இதைத்தான். கரப்பானோடு வருவார்கள், கூடவே மெலிந்துபோய் வருவார்கள்.
ஒவ்வோர் உணவாகச் சொல். சாப்பிட்ட எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது? "ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் சொல்லாதே.

சுகன்யா – 8:21
முட்டை: பத்தாம் மாதத்தில் அரைவேக்காடாகக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, முகமெல்லாம் தடிப்பு. மருத்துவமனைக்கு ஓடினோம்.
பால்: ஒன்றும் ஆனதில்லை. தினமும் இரண்டு டம்ளர் குடிப்பான். இரத்தப் பரிசோதனையில் பால், கோதுமை இரண்டுக்கும் "பாசிட்டிவ்" வந்ததால் நிறுத்தினேன்.
வேர்க்கடலை: ஒரு வயதிலிருந்து சட்னியாகச் சாப்பிட்டான். ஒன்றுமில்லை.
கத்தரிக்காய்: உடனே வாயைச் சுற்றிச் சிவந்தது. இரண்டு நாளில் கை, கால் மடிப்பெல்லாம் கிளம்பிவிட்டது.
மற்றவை கேள்விப்பட்டு நிறுத்தியவை.

மீனா சித்தி – 8:30
முட்டை ஒன்றுதான் அலர்ஜி. அதை மருத்துவர் சொல்லும்வரை தொடாதே. மற்ற எட்டும் குற்றப்பத்திரிகையே இல்லாமல் சிறையில் இருக்கின்றன.
அந்தப் பரிசோதனை, உடம்பு பாலுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குப் பல பொருள்களுக்கு அப்படி வரும். குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு விளையாடினான் என்றால் அந்தச் சாட்சிதான் பெரிது.

சுகன்யா – 8:32
அப்படியானால் இன்றைக்கே பால் கொடுத்துவிடட்டுமா?

மீனா சித்தி – 8:32
வேண்டாம்! பொறு.
தினமும் குடித்தவரை உடம்பு பொறுத்துக்கொண்டிருந்தது. இப்படி நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தபோது சில பிள்ளைகளுக்கு உடனடியாக, கடுமையாக அலர்ஜி வந்திருக்கிறது. அதனால்தான் காரணமில்லாமல் நிறுத்தாதீர்கள் என்று கத்துகிறோம். பாலோ, கோதுமையோ, கடலையோ, மருத்துவரிடம் கேட்டு அவர் சொல்லும் இடத்தில் வைத்துத் தொடங்கு.

கோமதி பெரியம்மா – 8:40
கத்தரிக்காய்க்கும் நீ வக்காலத்து வாங்குவாயா?

மீனா சித்தி – 8:47
பாதி வாங்குகிறேன் அக்கா. அதில் ஹிஸ்டமின் என்ற அரிப்பைக் கிளப்பும் பொருள் இயல்பாகவே உண்டு. சிலருக்கு நாக்கும் உதடும் அரிக்கும். முன்னோர் சும்மா சொல்லவில்லை. ஆனால் வாயைச் சுற்றிச் சிவந்தது குழம்பின் புளியும் காரமும் தக்காளியும் புண்ணான தோலில் பட்டதால் இருக்கலாம். ஊட்டுவதற்கு முன் வாயோரம் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும்.
சுகன்யா, ஒரு கேள்வி. அந்த வாரம் மருத்துவர் கொடுத்த களிம்பைப் போட்டாயா?

சுகன்யா – 8:49
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுகன்யா – 8:58
இல்லை சித்தி. அது ஸ்டீராய்டு, தோலைத் தின்றுவிடும் என்று குழுவில் ஒரு செய்தி வந்தது. பயந்துபோய், கத்தரிக்காய் கொடுப்பதற்கு நாலு நாள் முன்பே நிறுத்திவிட்டேன்.

தாமு மாமா – 8:59
அதை யார் அனுப்பியது?

குமரன் – 9:03
நான் பகிர மட்டும்தான் செய்தேன்.

மீனா சித்தி – 9:10
களிம்பை விட்டால் சில நாளில் கிளம்பும். அந்த நேரத்தில் இலையில் என்ன இருந்ததோ அதன் தலையில் பழி விழும். இந்த முறை கத்தரிக்காய்.
கரப்பானுக்கு அடித்தளம் தோலில்தான் இருக்கிறது. தோலை இறுக்கமாக வைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் அதே பழுது என்று இல்லை. ஆனால் கரப்பான் தோல் என்றாலே ஓடு நழுவிய கூரைதான். ஈரம் வெளியே போகும், வேண்டாதது உள்ளே இறங்கும்.

கோமதி பெரியம்மா – 9:14
அதற்காகத்தானே பயத்தம் மாவு, கடலை மாவு, பாதாம் எல்லாம் அரைத்து இரண்டு கிலோ குளியல் பொடி அனுப்பினேன்!

மீனா சித்தி – 9:22
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உணவைவிட அந்தப் பொடிதான் கவலை.
வாசல் வழியாக, அதாவது வாய் வழியாக வரும் உணவை உடம்பு விருந்தாளியாக நடத்தப் பழகும். ஓட்டைப் பிரித்து, அதாவது புண்ணான தோல் வழியாக இறங்கினால் திருடன் என்று எழுதி வைத்துக்கொள்ளும். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பு ஒன்று வந்தது. அதுவரை நிம்மதியாக ரொட்டி தின்றுகொண்டிருந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜி வந்தது. 2011இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள்.
வாசல் பக்கத்துக்கு ஒரு கதை: லண்டனில் 640 குழந்தைகள். எல்லாருக்கும் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இரண்டுமோ இருந்தது, நம் கவினைப் போல. ஒரு வயதுக்கு முன்பே தொடங்கி ஐந்து வயதுவரை பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவு கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3 சதவீதம்.
(முழுக்கடலை கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.)

குமரன் – 9:30
ஆச்சி பக்கத்தில் இருக்கிறாள், அவள் சொல்வதைத் தட்டுகிறேன்: "மீனாவுக்கும் சின்ன வயதில் கரப்பான் இருந்தது. கருவாடும் கத்தரிக்காயும் கொடுக்காமல் நான்தான் சரிசெய்தேன். இப்போது எனக்கே பாடம் நடத்துகிறாள்."

மீனா சித்தி – 9:34
ஆச்சியிடம் சொல்: பத்து வயதுவரை கருவாட்டு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளர வளரப் பல பிள்ளைகளுக்குத் தானாகத் தணியும். ஆனால் தினமும் குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தேய்த்தாளே, அதற்குக் கும்பிடு. பிலிப்பைன்ஸில் 2014இல் வந்த ஆய்வில், லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு மினரல் எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது.

குமரன் – 9:36
ஆச்சி பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை

சுகன்யா – இரவு 8:15
மருத்துவர் களிம்பை மறுபடி தொடங்கச் சொன்னார். எத்தனை நாள், எவ்வளவு என்று விரல் நுனியில் பிதுக்கிக் காட்டினார். பாலை அங்கேயே, முதலில் ஒரு தேக்கரண்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நாலு நாளாக இரவில் தூங்குகிறான், நானும் தூங்குகிறேன். இன்று மதியம் கத்தரிக்காய்.
(புகைப்படம்: வழித்து நக்கிய தட்டு)

கோமதி பெரியம்மா – 8:20
வாயோரம் வாஸ்லின் தடவினாயா?

சுகன்யா – 8:20
தடவினேன் பெரியம்மா.

கோமதி பெரியம்மா – 8:24
அந்தப் பொடியைத் தாமு வரும்போது கொடுத்து அனுப்பு. என் கூரையில் ஓடு நழுவவில்லை, நான் தேய்த்துக்கொள்கிறேன்.

குமரன் – 8:41
(பலமுறை பகிரப்பட்டது) "பப்பாளி இலைச் சாறு: ஏழே நாளில் கரப்பான்..."

கோமதி பெரியம்மா – 8:42
குமரா, அதை அழி.