அறிக்கையில் 98 மதிப்பெண், படிவத்தையோ நிரப்ப முடியவில்லை: அணுகல்தன்மை ஆலோசகரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி
வணக்கம். எங்கள் நிறுவன இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்று ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். 90 பக்க அறிக்கை தந்தார்கள், மதிப்பெண் 98. அடுத்த வாரமே பார்வையற்ற விண்ணப்பதாரர் ஒருவர் அழைத்தார். படிவத்தில் நாட்காட்டி திறந்ததும் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) “பட்டன், பட்டன்” என்று மட்டும் சொல்கிறதாம். அவரிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இப்போது புதிதாக மூன்று பேர் முன்மொழிவு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றிலும் ‘டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை’ என்று, இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டுதலின் பெயரும் நிலையும்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1
அந்த 98 தானியங்கிக் கருவி போட்ட மதிப்பெண்ணாக இருக்கும். பெரும்பாலும் பக்கம் திறந்த நிலையில்தான் கருவியை ஓட்டுவார்கள். கிளிக் செய்த பிறகு விரியும் நாட்காட்டி அதன் கண்ணிலேயே பட்டிருக்காது. ஏஏ நிலைக்கு மொத்தம் 55 அளவுகோல்கள். பலவற்றை மனிதர் உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும்.

மூவரிடமும் பழைய அறிக்கை ஒன்றை, வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறைக்கும் எந்தப் பக்கம், எந்தத் திரைவாசிப்பான், எந்த பிரௌசர், யாருக்கு இடைஞ்சல், எப்படித் திருத்துவது என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். உங்கள் நாட்காட்டிப் பிரச்சினை 4.1.2 என்ற அளவுகோலில் வரும். பட்டன் போன்றவற்றின் பெயர் திரைவாசிப்பானுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ‘4.1.2 தோல்வி’ என்று மட்டும் எழுதினால் உங்கள் டெவலப்பருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பதில் 2
நான் பார்வையற்றவன், என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்துச் சோதனை செய்வதுதான் என் வேலை. யார் சோதிக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டா, எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கூப்பிட்டு “பரவாயில்லையா?” என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் மாற்ற மாட்டார்கள். அப்புறம், என்னை மட்டும் வைத்துச் சோதித்தாலும் போதாது. மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும் காது கேளாதவருக்கும் வரும் தடைகள் வேறு.

இன்னொன்று செய்யலாம். அந்தப் படிவத்தையே மூவரிடமும் கூலி கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நாட்காட்டியைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

கேட்டவர்
நன்றி ஐயா, அப்படியே செய்கிறேன். ஒருவரிடம் சிபிஏசிசி என்ற அணுகல்தன்மைச் சான்றிதழ் இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில் 1
நல்ல சான்றிதழ்தான். அணுகல்தன்மை வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஏபி அமைப்பு தருவது. ஆனால் அது அடிப்படை அறிவுக்கானது. இணையத் தொழில்நுட்பத்துக்கு அதே அமைப்பின் டபிள்யூஏஎஸ் சான்றிதழ் இருக்கிறது. “ஒரு வரி நிரல் சேர்த்தால் தளம் முழுக்கச் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். திருத்திய பிறகு மறுசோதனை செய்து தருவதை ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

கேட்டவர்
மூவரும் படிவத்தைச் சோதித்து முடிவை அனுப்பிவிட்டார்கள். ஒருவர் தந்தது கருவியின் வெளியீடு மட்டும். இரண்டாமவர் நாட்காட்டியைப் பிடித்தார். சான்றிதழ் எதுவும் இல்லாத மூன்றாமவர் அதோடு, தவறாக நிரப்பி அனுப்பினால் வரும் பிழைச் செய்தியைத் திரைவாசிப்பான் வாசிப்பதே இல்லை என்றும் கண்டுபிடித்தார். எங்களுக்கே தெரியாத குறை அது. திருத்த வேண்டிய நிரலையும் எழுதி அனுப்பியிருக்கிறார். அவரோடு மறுசோதனையையும் சேர்த்து ஒப்பந்தம் போடுகிறோம். முதலில் அழைத்த விண்ணப்பதாரரிடமும் பேசினேன். ஊதியத்தோடு சோதிக்கச் சம்மதித்திருக்கிறார்.