அறைக்கு எத்தனை ஜிப்சம் போர்டு? என் கணக்கு தவறிய இடங்கள்

12க்கு 10 அடி அறை ஒன்றின் சுவருக்கும் சீலிங்குக்கும் நானே சட்டத்தின் மேல் ஜிப்சம் போர்டு அடித்தேன். சுவர் நன்றாக வந்தது, பொருள் கணக்குதான் இடறியது. அடுத்து இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சுற்றளவு 44 அடி, உயரம் 8 அடி, ஆக 352 சதுர அடி. சீலிங் 120. மொத்தம் 472. கதவு, ஜன்னலுக்கு 37 கழித்தேன். 8க்கு 4 போர்டு ஒன்றுக்கு 32 சதுர அடி. வகுத்தால் 13.6 வந்தது. சரி, 14 வாங்கினேன். கடைசியில் 17 பிடித்தது.

கழித்ததே முதல் தவறு. போர்டை முழுசாக அடித்துவிட்டுத்தான் ஜன்னல் இடத்தை அறுத்து எடுக்கிறோம். அந்தத் துண்டு வேறெங்காவது பொருந்தினால்தான் மிச்சம். எனக்குப் பொருந்தவில்லை. ஒரு போர்டு தூக்கும்போதே மூலை நொறுங்கிப் போனது. மொத்தப் பரப்போடு பத்து சதவீதம் சேர்த்திருந்தால் 519. அதற்குச் சரியாக 17 போர்டு.

உண்மையில் என்னை வாட்டியது உயரம். நினைவில் இருந்த 8 அடியை வைத்துக் கணக்குப் போட்டேன். அளந்து பார்த்தால் 8 அடி 4 அங்குலம்! போர்டைப் படுக்கைவாக்கில் இரண்டு வரிசை அடித்தால் 8 அடி. சீலிங் போர்டின் தடிமனும் தரையில் விடும் அரை அங்குல இடைவெளியும் போக, நான்கு சுவரிலும் மூன்று அங்குலம் பாக்கி. பரப்பாகப் பார்த்தால் 11 சதுர அடிதான், ஒரே போர்டைப் பட்டைகளாக அறுத்தால் போதும். ஆனால் 44 அடிக்குப் புதிதாக ஓர் இணைப்பு வந்து சேர்கிறது! மற்ற இணைப்புகளை எல்லாம் கூட்டினால் சுமார் 186 அடி. இதையும் சேர்த்தால் 230. இணைப்பில் ஒட்டும் டேப்பும் அதன் மேல் பூசும் காம்பவுண்டும் அந்த அளவுக்குக் கூடுதலாகச் செலவாயின. அதுவும் அறுத்த விளிம்பு. போர்டின் நீள விளிம்பு தொழிற்சாலையிலேயே சரிவாக வருவதால் டேப் உள்ளே அமர்ந்துவிடும். அறுத்த விளிம்பில் அது மேடாக நிற்கும், அகலமாகப் பூசித்தான் சமன் செய்ய வேண்டும்.

நான் அந்த மூன்று அங்குலப் பட்டையைச் சுவரின் மேலே வைத்துவிட்டேன். அடியில் வைத்திருந்தால், தரையை ஒட்டிச் சுவரில் ஓடும் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் அப்படியே மறைத்திருக்கும்.

*

மேலே உங்கள் பதிவில் இணைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அதற்காகவே நான் 12 அடி போர்டு வாங்கினேன். 12 அடி சுவரில் குறுக்கு இணைப்பே வராது. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் போர்டு திரும்பவில்லை. கீழேயே நான்கையும் பாதியாக அறுக்க வேண்டியதாயிற்று, தவிர்க்க நினைத்த இணைப்பு அத்தனையும் திரும்ப வந்தது. வாங்கும் முன் வாசல், படி, திருப்பம் மூன்றையும் அளந்துவிடுங்கள்.

*

உங்களுக்குப் போர்டு குறைந்தது, எனக்குக் குறைந்தது ஸ்க்ரூ. சதுர அடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பற்றாமல் போகாது. சீலிங்கில் 12 அங்குலத்துக்கு ஒன்று அடித்தேன், சுவரில் 16 போதுமாக இருந்தது. மரச் சட்டத்தில் அரை அங்குல போர்டுக்கு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ. ஜன்னல் ஓரங்களுக்கு கார்னர் பீட், அதாவது விளிம்பு மூலையில் பதிக்கும் பட்டி, தனியாக அளக்க வேண்டும். அதை நான் மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பாதியில் நிறுத்தினேன்.