மனித வளர்ச்சியும் குடும்ப அறிவியலும்: இளநிலையில் எடுத்துப் படிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். இளநிலைப் பட்டத்துக்கு இத்துறையைத் தேர்ந்தெடுக்க எண்ணியிருக்கிறேன். உறவினர் சிலர் இதை மனிதவள மேலாண்மை என்று நினைக்கிறார்கள். வேறு சிலரோ, 'குழந்தை வளர்ப்பதற்கு ஒரு பட்டமா?' என்று கேட்கிறார்கள். உளவியலுக்கும் இதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு? இப்பட்டத்தை மட்டும் கொண்டு குடும்ப ஆலோசகராகப் பணியாற்ற முடியுமா? படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1:
பள்ளிக்குப் போக மறுக்கும் 7 வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். உளவியல் மாணவர் பெரும்பாலும் அக்குழந்தையின் அச்சத்திலிருந்து தொடங்குவார். இத்துறையில் படிக்கும் நாங்களோ வீட்டில் புதிதாக ஒரு தம்பி பிறந்திருக்கிறானா, தாயின் பணிநேரம் மாறியதா, பாட்டி நோயுற்றிருக்கிறாரா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் குழந்தையிடம் வருவோம். வளர்ச்சி உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் வெளியிட்ட நூலில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் சூழல்களை ஒன்றனுள் ஒன்றாக அமைந்த அடுக்குகளாக விவரித்தார். குழந்தை ஒருநாளும் காலெடுத்து வைக்காத பெற்றோரின் பணியிடம்கூட அதன் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பற்றி மட்டுமே படிக்கப்போகிறோம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், முதுமை, மணமுறிவு, இழப்புத்துயர் ஆகிய பாடங்களைக் கண்டு திகைப்பார்கள். உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வளர்ச்சிக்கு வகுத்த 8 கட்டங்களே கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கி முதுமை வரை செல்கின்றன.

பதில் 2:
முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் ஆய்வு முறையியல் என்னும் பாடத்தை அவர் தொடவில்லை. பலரும் அஞ்சுவது அதற்குத்தான், இத்துறையின் உயிர்நாடியும் அதுவே. 20, 40, 60 வயதினரை ஒரே நாளில் ஒப்பிட்டு வேறுபாடு கண்டால், அது வயதால் வந்ததா, அல்லது அவர்கள் வெவ்வேறு காலத்தில் பிறந்து வளர்ந்ததால் வந்ததா என்று அந்த ஒப்பீட்டைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் நெடுங்கால ஆய்வுகளுக்கு இவ்வளவு மதிப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர் 1930களின் பெருமந்தம் என்னும் பொருளாதார நெருக்கடியை இப்படித்தான் அணுகினார். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1920-21இல் பிறந்தவர்கள் அந்த நெருக்கடியைப் பதின்பருவத்தில் எதிர்கொண்டு, வீட்டுப் பொறுப்பில் பங்கேற்றார்கள்; அருகிலுள்ள பெர்க்லியில் 1928-29இல் பிறந்தவர்களோ அப்போது சிறு பிள்ளைகள். அவர்களுள் ஆண்பிள்ளைகளிடம்தான் அதன் தீய விளைவுகள் கூடுதலாகத் தென்பட்டன. ஒரே துன்பம், வரும் வயதைப் பொறுத்து வெவ்வேறு வாழ்க்கைகளை உருவாக்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு. புள்ளியியலைக் கசப்பு மருந்தாக எண்ணாமல் படித்தால் இவற்றின் அருமை புரியும்.

பதில் 3:
ஆலோசகர் பணி குறித்து: இளநிலைப் பட்டம் மட்டும் பொதுவாகப் போதாது. குடும்பச் சிகிச்சையாளராக வேண்டுமானால், முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையின் கீழ் பெறும் பயிற்சியும், உரிமம் கோரும் நாடுகளில் உரிமமும் தேவைப்படும். இதை முன்பே அறியாததால் இறுதியாண்டில் ஏமாற்றமடைந்த வகுப்புத்தோழர்கள் எனக்கு உண்டு. முன்பருவக் கல்வி, பெற்றோருக்கான பயிற்சித் திட்டங்கள், முதியோர் பராமரிப்பு, குழந்தை நலச் சேவைகள் ஆகியவற்றில் இப்பட்டத்துடனேயே நுழைய வாய்ப்புண்டு; எனினும் மதிப்பெண்ணைவிடக் களப்பயிற்சியையே அங்கு முதலில் கேட்பார்கள். எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், களப்பயிற்சி கட்டாயமா, எத்தனை மணிநேரம், மேற்பார்வையிடுபவர் யார் என்று விசாரியுங்கள். (முதலாண்டில் சொந்தக் குடும்பத்தினர் எல்லோருக்கும் நோய்க்குறி கண்டுபிடிக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது, வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.)

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. எனக்குக் கணிதம் சற்றுத் தடுமாறும். புள்ளியியலைச் சமாளிக்க முடியுமா?

பதில் 2:
முடியும். கணக்கீட்டைப் பெரும்பாலும் மென்பொருளே செய்துவிடும். ஒரு தொடர்பைக் கண்டவுடன் அதையே காரணம் என்று முடிவுகட்டாத நிதானம்தான் உங்களிடம் எதிர்பார்க்கப்படும்.