மானியம் கிடைத்தும் கையைக் கடித்த கதை

சிறுதொழிலுக்கு மானியம் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள் என்று இங்கே கேட்டிருந்ததால் எழுதுகிறேன். மர வேலைப் பட்டறை நடத்துகிறேன், என்னையும் சேர்த்து ஐந்து பேர். கணினி வழிநடத்த மரத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரமான சிஎன்சி ரவுட்டர் ஒன்று இருந்தால் இப்போது எடுக்கிறதைப் போல இரண்டு பங்கு ஆர்டர் எடுக்கலாம், அந்த ஆசையில்தான் மானியம் பக்கம் போனேன். மூன்று முறை விண்ணப்பித்தேன். இரண்டு தள்ளுபடி, மூன்றாவது கிடைத்தது. கிடைத்த அந்த ஒன்றில்தான் அதிகம் அடிபட்டேன், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது. இயந்திரம் விற்பவர் போன் செய்து, மாதக் கடைசிக்குள் எடுத்தால்தான் இந்த விலை, அப்புறம் ஏறிவிடும் என்றார். எப்படியும் மானியம் வந்துவிடும் என்று கையில் இருந்ததோடு கைமாற்று வாங்கியதையும் சேர்த்துக் கட்டி, பில் போட்டு எடுத்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து ஒப்புதல் கடிதம் வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், இந்தக் கடிதத் தேதிக்கு முன்னால் செய்த எந்தச் செலவும் கணக்கில் சேராது என்று ஒரு வரி. என் பில்லில் இருந்த தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மானியம் தரும் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த அம்மா பொறுமையாகவே விளக்கினார்: பணம் இல்லாததால் நின்றுபோகும் வேலையை நடக்க வைக்கத்தான் மானியம், நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மானியம் இல்லாமலே உங்களால் முடிந்திருக்கிறது என்றுதானே ஆகிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை.

ரவுட்டர் போக மீதி இருந்தவை தூசி உறிஞ்சும் இயந்திரமும், வெட்டும் கருவிகளும், இரண்டு பேருக்கான பயிற்சியும். 100 செலவு செய்தால் 40 திரும்பி வரும் திட்டம். இந்த 'திரும்பி' என்ற சொல்லைத்தான் நான் சரியாகப் படிக்கவில்லை. 40ஐ முதலில் கொடுப்பார்கள், மீதி 60ஐ நாம் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, முழு 100ஐயும் நாமே போட்டு வாங்கி, பில்லும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கொடுத்து, அவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் 40 வரும். எனக்கு நான்கு மாதம் ஆனது, அந்த நான்கு மாதமும் சம்பளம் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பார்க்க வந்தவர் குனிந்து, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டில் படிந்திருந்த மரத்தூளைத் துடைத்துவிட்டு வரிசை எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தார். பில்லில் கடைசி எழுத்து வேறாக இருந்தது. விற்றவரிடம் திருத்தக் கடிதம் வாங்கிக் கொடுக்க மூன்று வாரம். பொருள் வந்து இறங்கும்போதே தகட்டையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு தள்ளுபடிகளைப் பற்றியும் கொஞ்சம். முதல் விண்ணப்பத்தில் பட்டறை எப்படி வளர்ந்தது, எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று மூன்று பக்கம் மனசு விட்டு எழுதியிருந்தேன். இரண்டாவதிலும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டாவது தடவை தள்ளுபடி ஆனதும் மதிப்பெண் விவரம் தர முடியுமா என்று கேட்டேன், கொடுத்தார்கள். பலருக்கு இப்படிக் கேட்கலாம் என்றே தெரிவதில்லை. வேலைவாய்ப்பு என்ற தலைப்பில் எனக்குப் பூஜ்யம். இரண்டு பேரைப் புதிதாகச் சேர்க்கப்போகிறேன் என்பதை எங்குமே எழுதவில்லை, அது சொல்லாமலே புரியும் என்று இருந்துவிட்டேன். படிக்கிறவர் கையில் ஒரு தாள் இருக்கிறது, ஒவ்வொரு கேள்விக்கும் இத்தனை மதிப்பெண் என்று, நம் கதையில் பதிலைத் தேடி எடுத்து மதிப்பெண் போட அவருக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. மூன்றாவது விண்ணப்பத்தில் இப்போது மாதம் எத்தனை கதவு முடிக்கிறோம், இயந்திரம் வந்தால் எத்தனை முடிப்போம், அதை வாங்கத் தயாராக யார் இருக்கிறார்கள் என்று எழுதி, இரண்டு வாடிக்கையாளர்களிடம் கடிதம் வாங்கி இணைத்தேன்.

* * *

மேலே எழுதியவர் சொன்ன தேதி விஷயம் பல நாடுகளில் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளில், வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும், இயந்திரத்துக்கு உறுதியான ஆர்டர் கொடுத்தாலே வேலை தொடங்கியதாகத்தான் கணக்கு. அதனால் பில் மட்டுமில்லை, அட்வான்ஸ் கொடுப்பதிலும் ஜாக்கிரதையாக இருங்கள். விலைப்புள்ளி வாங்கி வைப்பதில் தப்பில்லை, ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் விதியைப் படித்துவிடுங்கள்.

எனக்கு நடந்தது வேறு. தையல் யூனிட்டுக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் தேடி வந்தார். கட்டாயம் கிடைக்கும், ஆனால் ஃபைலை நகர்த்த முன்பணம் வேண்டும் என்றார். கொடுத்தேன், அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. பிறகு தேடிப் பார்த்ததில், அமெரிக்காவில் மத்திய அரசின் மானியங்களுக்கு விண்ணப்பிக்கிற கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் கட்டணமே கிடையாது. அங்கே சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ, தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ தாங்கள் மானியம் தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது, அவர்கள் பக்கம் பெரும்பாலும் கடன் உத்தரவாதம்தான். இது தெரியாதவர்களிடம்தான் இப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்கள். எழுதிக் கொடுப்பதற்குக் கூலி கேட்பது வேறு, அது நியாயமான வேலை. கிடைப்பது உறுதி என்று சொல்லிக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மானியமாக வந்த பணத்துக்கும் வரி இருக்கலாம், அதை வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். பொருளுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் அது மானியக் கணக்கில் சேருமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். என் திட்டத்தில் சேரவில்லை. வெட்டும் கருவிகளில் கொஞ்சம் ரொக்கத்தில் வாங்கியிருந்தேன், பில் இருந்தும் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை தெரியவில்லை என்று கழித்துவிட்டார்கள். இப்போது மானியத்துக்கென்றே தனிக் கணக்கு வைத்து எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் கொடுக்கிறேன்.

அடுத்து ஒரு பலகை இழைக்கும் இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன், இந்தத் தடவை கடிதம் கையில் வரும்வரை விற்பவர் போனை எடுப்பதாக இல்லை. புதியது விலை அதிகம், பயன்படுத்திய நல்ல இயந்திரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பழைய இயந்திரத்துக்கு மானியம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்ன காகிதம் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.