தலைப்பு ஒன்று தேவை: கிவிக் கொடி (செவ்வாய் அச்சுக்குப் போகிறது)

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஊர்ச்சனம் சிலர் பொதுத்தோட்டம் ஒன்றில் கிவிக் கொடி வைக்கப் போகிறார்கள். வயது போனவர்கள் வாசிக்கத் தமிழில் கையேடு கேட்டார்கள். 12 பக்கம். உள்ளே எல்லாம் முடிந்தது, தலைப்பில்தான் நிற்கிறேன்.

இது கடையில் காணும் சொரசொரத்த கிவி இல்லை. முந்திரிகைப்பழ அளவு, வழுவழுத்த தோல், உரிக்காமல் அப்படியே வாயில் போடலாம். யப்பான், கொரியா, வடசீனம், ரஷ்யாவின் தூரகிழக்குக் காடுகளில் தானாக வளர்வது. இலை கொட்டி உறங்கும் காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை போனாலும் கொடி சாகாது. ஆங்கிலத்தில் அந்தக் குணத்தைச் சொல்லத்தான் முன்னால் 'ஹார்டி' (hardy) என்று ஓர் அடைமொழி போட்டிருக்கிறார்கள். நான் 'வன்கிவி' என்று எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "பல்லில்லாத கிழங்களுக்கு ஏன் பிள்ளை கல்லுப் போலப் பழம்?" என்று கேட்டா. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

மல்லாவியிலிருந்து:

பிள்ளை, 'வன்' என்பதைக் கைவிடாதே. வன்மை என்றால் கடினம் மட்டுமா? சொல்வன்மை என்கிறோம், சொல்லைக் கடித்தா பார்க்கிறோம்? நாம் குடியிருக்கும் நிலத்தின் பெயரும் அதே வேர்தான் என்பது என் கட்சி. வன்னி என்றால் தீ என்று வடமொழியைக் காட்டுவார்கள். வனம் திரிந்தது என்பார்கள். வன்னி மரத்தால் வந்தது என்பாரும் உண்டு. மழை பொய்த்த வருடத்தில் வற்றிய குளத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைத்தவனின் நிலத்துக்கு 'வன்' தவிர வேறு எந்த வேர் பொருந்தும்?

அப்புறம் இன்னொன்று. தொல்காப்பியர் தன் நூலின் மரபியல் என்ற இயலில், வைரம் (தண்டின் கெட்டியான பகுதி) வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பிரித்துவிட்டார். பனை புல்லாயிற்று, பாலையும் முதிரையும் மரம். இந்தக் கொடிக்கு வைரம் உள்ளேயா, வெளியேயா? அது தெரிந்தால் பெயர் தானாக வரும்.

வவுனியாவிலிருந்து:

சேர், குறை நினைக்காதீர்கள். விவசாயப் போதனாசிரியராக 19 வருடம் வயலுக்குள் நின்றவன் சொல்கிறேன்: வாசித்தவுடன் விளங்காத சொல் கையேட்டுக்கு உதவாது. நெல்லுக்கு 'வறட்சி தாங்கும் இனம்' என்கிறோம். அதே போல 'குளிர்தாங்கிக் கிவி'. அலுவல் முடிந்தது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

முடியவில்லை அண்ணை. தாங்கி என்றால் எங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி. கிளிநொச்சியில் போரில் சரிந்து கிடந்த தாங்கியை பஸ் யன்னலால் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'குளிர்தாங்கி' என்றால் குளிர்தண்ணி நிரப்பி வைக்கிற சாமான் என்றுதான் நினைப்போம். 'தாங்கும்' என்றால் பரவாயில்லை, 'தாங்கி' வேண்டாம்.

என்னைக் கேட்டால் 'கொடித்தோடை'யைப் பாருங்கள். பாஷன் புரூட்டுக்கு அந்தப் பெயரை எந்தக் குழு கூடி வைத்தது? கொடியில் காய்த்தது, தோடம்பழம் மாதிரிப் புளித்தது, சனம் வைத்துவிட்டது. இதுவும் முந்திரிகை அளவுதானே? 'முந்திரிகைக் கிவி' என்று விடுங்கள்.

சென்னையிலிருந்து:

முந்திரி என்றால் இங்கே பாயசத்தில் போடுவது. கிவிப் பழத்தில் முந்திரிப் பருப்பா?

வவுனியாவிலிருந்து:

நீங்கள் சொல்வது மரமுந்திரிகை. நாங்கள் சொல்வது உங்கள் திராட்சை. (இதைப் பற்றி வந்த மற்ற எட்டு மடல்களையும் அடக்கி இந்த ஒரே மடல். இனி இதை விடுவோம்.)

ரொறன்ரோவிலிருந்து:

தங்கச்சி, பெயர் கிடக்கட்டும், என் அனுபவத்தைக் கேளும். வீட்டுக் கோடியில் ஒரு கொடி வைத்திருக்கிறேன். 'அனனாஸ்னாயா' என்ற இனம், ரஷ்ய மொழியில் அன்னாசி போன்றது என்று பொருளாம். மாரி முழுக்க ஸ்னோவுக்குள் செத்த கயிறு மாதிரித் தொங்கும். ஒன்றும் ஆகாது. அடிவிழுவது அதற்குப் பிறகுதான். போன வைகாசித் தொடக்கத்தில் தளிர்விட்டு விரல் நீளம் வந்திருந்தது. ஒரேயொரு இரவு உறைபனி. காலையில் போய்த் தொட்டால் அவித்த கீரை மாதிரிக் கையில் ஒட்டியது, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது. அந்த வருடம் பூவும் இல்லை. இப்போது இரவுச் செய்தியில் பூச்சியம் என்று கேட்டாலே பழைய படுக்கைவிரிப்போடு ஓடுகிறேன். நீங்கள் தலைப்பிலேயே 'குளிர் தாங்கும்' என்று பெரிதாகப் போட்டால், கிழவர்கள் அதை நம்பிப் போர்க்காமல் படுத்துவிடுவார்கள்.

இன்னும் ஒன்று. இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஆறு எட்டுப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். 'இஸ்ஸாய்' என்ற யப்பானிய இனம்தான் தனியே நின்றும் காய்க்கும். நான் முதலில் வாங்கின இரண்டும் ஆண் என்பது நாலாம் வருடம் பூத்தபோதுதான் தெரிந்தது. பந்தலும் பாகற்கொடிப் பந்தல் போதாது. என் முதல் பந்தலை அது முறித்துவிட்டது.

கிளிநொச்சியிலிருந்து:

அதற்குப் பாடப்புத்தகத்தில் 'ஈரில்லத் தாவரம்' என்று இருக்கிறது. அம்மா "இரண்டு வீடோ?" என்று சிரிக்கிறா. பனையில், பப்பாசியில் சொல்வது போல 'ஆண்கொடி, பெண்கொடி' என்று எழுதிவிடட்டா?

மல்லாவியிலிருந்து:

எழுது, ஆனால் பெண்கொடி என்றால் இலக்கியத்தில் பெண்பிள்ளை. 'எட்டுப் பெண்கொடிகளுக்கு ஓர் ஆண்' என்று அச்சாகி வந்தால் ரொறன்ரோவில் என்ன நடக்குமோ தெரியாது.

அந்த வைகாசி உறைபனிக்குச் சொல் தேடி அலையவேண்டாம். பின்பனி! ஆறு பெரும்பொழுதில் ஒன்று, சும்மா கிடக்கிறது.

வவுனியாவிலிருந்து:

சேர், பின்பனி மாசி, பங்குனி. அவர் சொல்வது வைகாசி. அதோடு எங்கள் பனி புல்லில் ஈரம், அங்கே அது கட்டி.

மல்லாவியிலிருந்து:

பொழுது நிலத்தோடு நகரும். ரொறன்ரோவில் வைகாசிதான் மாசி.

கிளிநொச்சியிலிருந்து:

திங்கள் இரவு பத்தரை. எண்ணிப் பார்த்தேன். 'குளிர் தாங்கும் கிவி' ஐந்து பேர், 'முந்திரிகைக் கிவி' மூன்று, 'வன்கிவி' ஒன்று (யாரென்று சொல்லத் தேவையில்லை). முதலாவதைப் போடுகிறேன். ரொறன்ரோ அண்ணை சொன்னது சரி என்றபடியால் அட்டையிலேயே கீழே ஒரு வரி: 'தளிருக்குப் பின்பனி ஆகாது, போர்த்துவிடுங்கள்.' பின்பனியை ஒருவரும் எதிர்க்கவில்லை, அல்லது களைத்துவிட்டீர்கள்.

மல்லாவியிலிருந்து:

அச்சான பிறகும் சொல்வேன். 'தாங்கும்' வினை. அதை எத்தனை நாளைக்குப் பெயருக்கு முன்னால் நிறுத்தி வைப்பீர்கள்? 'கிவி'யும் பழத்தின் பெயரில்லை, பறவையின் பெயர். சீன நெல்லி என்று இருந்ததை 1959இல் நியூசிலாந்து வியாபாரிகள் அமெரிக்காவில் விற்பதற்காக மாற்றினார்கள். வியாபாரி வைத்தால் பெயர், வாத்தியார் வைத்தால் தொல்லையா?

கொடிக்கு வைரம் உள்ளேயா, வெளியேயா என்று இன்னும் ஒருவரும் பதில் தரவில்லை. ரொறன்ரோத் தம்பி, அடுத்த முறை கொப்பு வெட்டும்போது குறுக்காக வெட்டிப் படம் எடுத்து அனுப்பும்.